நாற்பத்து மூன்று இடது கால்கள்

"ஒரே ஒரு நிமிஷம் ஃபீபி. இடது மட்டும் குடு."

ஃபீபிக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. அவள் பார்த்துக்கொள்ளும் பள்ளி நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்து மூட்டையாகக் கிடந்தன. தோளில் பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக வாசற்படியில் ஒற்றைக் காலில் நின்றாள். அவள் கணவன் ரெனால்ட் அந்த இடது செருப்பை வெயிலில் வைத்து, மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து இரண்டு, அறுந்த வாரில் அவள் வெள்ளை நூலால் போட்டிருந்த தையலை மட்டும் கிட்டத்தில் ஒன்று என்று படம் எடுத்தான்.

"வலது வேணாமா?"

"எதுக்கு? சாம்பிள் ரூம்ல எவனுக்கும் வலது கால் கிடையாது."

"அப்ப நான் நொண்டி அடிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போவணுமா?"

"இந்தா, முடிஞ்சுது. போ, போ. சாயங்காலம் உனக்கு ஒரு கூத்து சொல்றேன்."

என்ன கூத்து என்று கேட்க நேரமில்லை. 2004 ஜூன் மாதம், சனிக்கிழமை, காலை பத்தே கால். அன்று மாலை ஐந்து மணிக்கு மாதனூர் தாண்டி ஒரு லாரி. கூத்து என்னவென்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

எட்டு மாதம் கழித்து, பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, ஃபீபி ஆம்பூர் பஜாரில் ஒரு கெமிக்கல் கடையின் மாடிப்படி ஏறினாள். மேலே ஒரு பலகை: "தேவானந்தம், துப்பறிவாளர். தோல் தரம் பார்ப்பதில் முப்பத்தொரு ஆண்டு அனுபவம்."

"ரெண்டாவது வரி எதுக்குன்னு எல்லாரும் கேப்பாங்க," என்றாள் கதவைத் திறந்த பெண். இருபத்தைந்து வயது இருக்கும். காதில் பெரிய வளையம். "முதல் வரிக்கு அனுபவம் இல்ல. அதனால ரெண்டாவது வரி. உக்காருங்கக்கா. நான் ஜெனிஃபா. சாரோட அசிஸ்டென்ட்டு. டீ, ஃபைலு, மூளை மூணும் நான்தான்."

"மூளை கம்மி, வாய் ஜாஸ்தி. ஃபோர்த் கிரேடு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

தேவானந்தம் தோல் பதனிடும் ஷாப்பில், தரம் பிரிக்கும் செலக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜைமேல் வந்து விழும் ஒவ்வொரு தோலையும் ஒரு தடவு, ஒரு பார்வை, உடனே ஒரு நம்பர் என்று வாழ்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு மனிதர்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். அதைத்தான் துப்பறிதல் என்று பலகையில் எழுதியிருந்தார்.

ஃபீபி பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து விரித்தாள். 'பாலாறு முப்பரிமாண வட்டத்தின் முதல் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமை, வேலூர்.' கீழே ஒரு படம். வெயில் காயும் ஒரு வீட்டு வாசல். வாசல் நிறையச் செருப்புகள். சிலுவை வரைந்த கதவு பாதி திறந்து உள்ளே இருட்டாக இருந்தது. மூலையில் ஒரு பட்டை: 'கூட்டம் உள்ளே இருக்கிறது. படைப்பு: சூரியபிரகாஷ், பள்ளிகொண்டா.'

"இது போட்டோ இல்ல சார்," என்றாள் ஃபீபி. "கம்ப்யூட்டர்லயே வீடு கட்டி, செருப்பு செஞ்சு, வெயில் வெச்சு, கடைசில அதுவே கணக்குப் போட்டு நிழலை விழவெக்கும். ரெண்டர்னு சொல்வாங்க. பொழுதுபோக்கா செய்யறவங்க பதினேழு பேரு இன்டர்நெட்ல ஒரு குழு வெச்சிருக்காங்க. படம் போட்டு, ஒருத்தர ஒருத்தர் திட்டிக்குவாங்க. எங்க வீட்டுக்காரர் அதுல இருந்தார்."

"பாலாத்துல தண்ணி ஓடறதையே அந்தப் பசங்க படத்துலதான் பாத்தேன்," என்றாள் ஜெனிஃபா.

"இது அவர் செஞ்ச படம்." ஃபீபி மூன்றாவது வரிசையில் விரல் வைத்தாள். பழுப்புச் செருப்பு. வாரில் வெள்ளைத் தையல். "இது என் செருப்பு. நான் தெச்சது. ஞாயித்துக்கிழமை இத ஊரே பாக்கும். அவர் பேரு கீழ இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்குமே?"

"சாவு வீட்டுல ஐஸ் பெட்டிக்கு பிளக் பாயிண்டு வேணும்னு யாரோ கம்ப்யூட்டர் ஒயரைப் பிடுங்கிட்டாங்க. அப்பறம் அது எழுந்திரிக்கவே இல்ல."

தேவானந்தம் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். தோலில் உண்ணி கடித்த தழும்பு தேடுகிறவர் மாதிரி படத்தின்மேல் கவிழ்ந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு தலை நிமிராமலே, "ஜெனிஃபா, இதுல வலது செருப்பு ஒண்ணு காட்டு," என்றார்.

ஜெனிஃபா குனிந்தாள். "அட இன்னா சார் இது. எல்லாம் இடது. ஊரே ஒரு கால்ல தத்திக்கினு ஜெபக்கூட்டத்துக்கு வந்திருக்குது!"

ஃபீபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதத்தில் அது எப்படி வரும் என்பதே மறந்திருந்தது. ரெனால்ட் ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில் பதினோரு வருஷம் இருந்தான். புது மாடல் என்றால் அங்கே முதலில் ஒற்றைக் காலுக்குத்தான் செய்வார்கள். அந்தக் கம்பெனியில் அது எப்போதும் இடது. வாங்குகிறவர் தலையை ஆட்டிய பிறகுதான் வலது காலுக்கு ஜாதகமே எழுதப்படும். அவள் அதைச் சொன்னாள்.

"முடிஞ்சுது," என்றார் தேவானந்தம். "பள்ளிகொண்டாக்காரன் இன்னா தொழில்?"

"கல்யாண வீடியோ மிக்சிங்."

"மாப்பிள்ளை தலையில இருந்து பொண்ணு தலைக்கு ஹார்ட்டின் பறக்க விடறவன். அவனுக்குச் செருப்புன்னா ஜோடி. சாம்பிள் ரூம்காரனைத் தவிர எவனும் வாசல்ல வெறும் இடதா வெக்க மாட்டான். படம் உங்க வீட்டுக்காரருதுதாம்மா. ஆனா சரக்கு யாருதுன்னு தெரிஞ்சா பத்தாது. கைமாறின வழி தெரியணும். அன்னிக்கு அவர்கூட வீட்டுக்கு இன்னா இன்னா திரும்பி வந்துது?"

ஃபீபி விரல் மடக்கி எண்ணினாள். "வாட்ச். பர்ஸ். வண்டிச் சாவி. ஒரு ஜோடி செருப்பு. ஜோடின்னு சொல்லக் கூடாது. இடது அவருது. வலது வேற யாரோடதோ. ஆஸ்பத்திரியில மாத்திப் போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். போய்க் கேக்க மனசு வரல."

தேவானந்தம் லென்ஸைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "நாளைக்கு அந்த வலதை எடுத்துக்கினு வாங்கம்மா."

வெள்ளிக்கிழமை காலை, அதே பஜாரில் ஜியாவுதீனின் பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. அந்த விசிறியின் கீழே உட்கார தனிக் கூட்டம். வட்டத்தை நடத்துகிறவர் ஜியாவுதீன்தான். மாதம் ஒரு ஞாயிறு எல்லோரும் இங்கே கூடி, ஒரே திரையில் எட்டிப் பார்த்து, ஒருவர் நிழலை ஒருவர் பழிப்பார்கள்.

"ரெனால்டும் சூரியும்?" என்றார் தேவானந்தம்.

"பேஜாரு சார்," என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் ஜியாவுதீன். "நெட்டுல ஒருத்தன் படம் போட்டா அரை மணியில இன்னொருத்தன் வந்து கிழிப்பான். நல்லவேளை சூரி ஞாயித்துக்கிழமை வரமாட்டான். முகூர்த்தம் இருக்கும். ரெண்டும் ஒரே ரூம்ல உக்காந்திருந்தா என் மானிட்டர் உடைஞ்சிருக்கும். நீங்களே படிங்க."

ஜெனிஃபா உரக்கப் படித்தாள். "சூரியபிரகாஷ் எழுதறார்: 'உங்கள் எவர்சில்வர் சொம்பில் ஒரு ஜன்னல் தெரிகிறது. அறையில் ஜன்னலே இல்லை. சொம்புக்குப் பேய் பிடித்திருக்கிறதா?' ரெனால்ட் பதில்: 'ஜன்னல் இருக்கும் வீட்டை நீங்கள் பார்த்ததில்லை என்பது தெரிகிறது.' அய்யோ, அடுத்தது. 'உங்கள் தென்னை மரத்தின் நிழல் மரத்தை விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டது.' சார், இதுதான் மோட்டிவ். பொறாமை. ஆளு போனதும் படத்தை ஆட்டையப் போட்டுட்டான்."

"பொறாமைப்படறவன் சொம்புக்குள்ள ஜன்னல் பாப்பானா?" என்றார் தேவானந்தம். "என்னைப் பிடிக்காத வியாபாரி என் தோலை ஒரு தட்டுத் தட்டிட்டு நகந்துடுவான். புரட்டிப் புரட்டிப் பாத்துக் குறை சொல்றவன்தான் வாங்க வந்தவன். பாய், அந்தச் செருப்புப் படத்தை முழுசா காட்டுங்க."

படம் திரையில் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. நோட்டீஸில் பெயர்ப் பட்டை மறைத்திருந்த மூலையும் இப்போது தெரிந்தது. அங்கே, படிக்கட்டின் ஓரத்தில், மற்றவற்றிலிருந்து கொஞ்சம் விலகி, ஒரு வலது செருப்பு.

ஜெனிஃபா விரலால் எண்ணினாள். "இடது நாப்பத்தி மூணு. வலது ஒண்ணே ஒண்ணு."

ஃபீபி திரையருகே குனிந்தாள். கறுப்புச் செருப்பு. கட்டைவிரல் வளையம் அறுந்து, கம்பெனியின் பச்சை நூலால் தைத்தது. "இது அவரோடது. திரும்பி வராத வலது."

"சார்!" ஜெனிஃபாவின் குரல் உச்சிக்குப் போயிற்று. "கொலை!"

"அடங்கு. ஒரு படத்துக்காக வீடியோகாரன் லாரி வெச்சு ஆளை அடிச்சானா? அதுவும் செருப்பை மட்டும் கழட்டி வாங்கிக்கினு?" தேவானந்தம் ஃபீபியின் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "அம்மா, அன்னிக்கு எங்க போறேன்னு சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. நான் இங்கதான் பஜாருக்கு வந்திருப்பார்னு..."

"பஜாருக்கு வந்தவருக்கு மாதனூர்ல இன்னா வேலை? வண்டி எந்தப் பக்கம் போய்க்கினு இருந்துது?"

யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. "ஆம்பூரைப் பாத்து," என்றாள். "வந்துக்கினு இருந்தார்."

"அப்ப மாதனூரைத் தாண்டிப் பள்ளிகொண்டா போய்ட்டு வந்திருக்கார். பதினோரு வருஷம் இடதையே பாத்த கண்ணு. கிளம்பறப்ப வாசல்ல இடதைத் தேடி மாட்டியிருப்பார். வலது காலுக்குக் கிட்ட எது கெடந்துதோ அது. அந்த வீட்டுல ஒருத்தன் எட்டு மாசமா வலது இல்லாம திண்டாடறான். ஜெனிஃபா, அந்தச் செருப்பைப் பையில போடு. யாரு காலுக்குச் சேருதுன்னு பாத்துடலாம்."

"ராஜகுமாரி செருப்பைத் தூக்கிக்கினு ஊர் ஊரா போற கதை மாதிரி இருக்குது," என்றாள் ஜெனிஃபா. "ஆனா இது ஒம்பதாம் நம்பரு. வேர்வை நாத்தம் வேற."

வேலூர் பஸ்ஸில் மூவருக்கும் ஒரே சீட் கிடைத்தது. ஜெனிஃபா கண்டக்டரோடு சண்டை, சில்லறை இல்லாத பெரியவரோடு சமாதானம் என்று பஸ்ஸையே கலக்கிக்கொண்டு வந்தாள். மாதனூர் நெருங்கியதும் பேச்சை நிறுத்தினாள். ஃபீபி ஜன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பஸ் ஊரைத் தாண்டும்வரை ஜெனிஃபா அவள் மடியில் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து, ஒவ்வொரு கடலையாக உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

சூரியபிரகாஷின் ஸ்டுடியோ பள்ளிகொண்டா கோயில் தெருவில், அவன் வீட்டு மாடியில் இருந்தது. ஒல்லியான ஆள். கண்ணுக்குக் கீழே தூக்கம் கெட்ட கறுப்பு. திரையில் ஏதோ ஒரு மணமக்கள் தாமரைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ரெனால்டா?" என்றான். ஃபீபியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "நெட்டுல தெரியும். நேர்ல பாத்ததே இல்ல."

"இங்க வந்ததில்ல?"

"இல்லைங்க."

"படம் நீங்க செஞ்சதா?"

"என் பேருதானே இருக்குது."

தேவானந்தம் கண்ணைக் காட்டினார். ஜெனிஃபா பையைத் திறந்து, அந்த வலது செருப்பை எடுத்து, விளக்கேற்றுவதுபோல மேஜைமேல் வைத்தாள். சூரியபிரகாஷ் வாயைத் திறப்பதற்குள், டீ எடுத்துக்கொண்டு மாடியேறி வந்த அவன் அம்மா கெங்கம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அடேய், உன் செருப்பு கெடச்சிடுச்சிடா!"

"அம்மா..."

"இன்னாடா அம்மா? எட்டு மாசமா இதோட ஜோடி கட்டிலுக்கடியில கெடக்குது, தூக்கிப் போடவும் விடமாட்டேங்கற." கெங்கம்மாள் ஃபீபியைப் பார்த்துச் சிரித்தார். "அன்னிக்கு வந்துச்சேம்மா ஆம்பூர்த் தம்பி. ரெண்டும் மணிக்கணக்கா கத்திக் கத்திச் சிரிக்குதுங்க. போவும்போது இவன் செருப்புல ஒண்ணை மாட்டிக்கினு போய்ட்டுது. இவன் 'டேய் டேய்'னு கத்தறான், அது வண்டி சத்தத்துல காதுல வாங்கல. அந்தத் தம்பிதான் அனுப்புச்சா? நல்லா கீதா அது?"

ஜெனிஃபா தேவானந்தத்தைப் பார்த்தாள், தேவானந்தம் ஃபீபியைப் பார்த்தார்.

ஃபீபிதான் சொன்னாள். "நல்லா இருக்காரும்மா. நீங்க டீ வெச்சிட்டுப் போங்க."

கெங்கம்மாள் கீழே இறங்கியதும் சூரியபிரகாஷ் நாற்காலியில் சரிந்தான். "அவங்ககிட்ட சொல்லல சிஸ்டர். யார்கிட்டயுமே சொல்லல." அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தான். உள்ளே கறுப்புச் செருப்பு, பச்சைத் தையல். "இதைப் பாத்துத்தான் செஞ்சேன். அந்தப் படத்துல நான் வெச்சது இது ஒண்ணுதான்."

"அப்ப நெட்டுல சண்டை?" என்றாள் ஜெனிஃபா.

"டிராமா. ராத்திரி போன் பண்ணி, நாளைக்கு நீ என்ன இப்படித் திட்டு, நான் உன்ன அப்படித் திட்டறேன்னு பேசி வெச்சிக்குவோம். அவன் கம்ப்யூட்டர்ல இந்தப் படம் முடியணும்னா ஒரு வாரம் ஆவும். என் மிஷின்ல ரெண்டு நாள். அதனால சி.டி.யில போட்டு எடுத்துக்கினு வந்தான். 'டேய், உன் பேர்ல போடு, நான் வந்து கிழிகிழின்னு கிழிக்கறேன். எல்லாரும் உனக்குப் பரிஞ்சிக்கினு வரட்டும். அப்பறம் என்னுதுன்னு சொல்லலாம். பாய் மூஞ்சியைப் பாக்கணும்'னான்."

அதுதான் அந்தக் கூத்து. ஃபீபி கண்ணை மூடித் திறந்தாள்.

"எல்லாம் இடதுன்னு நான் சொன்னப்பறம்தான் பாத்தான். தலையில கை வெச்சிக்கினு சிரிக்கறான். மாத்துடான்னேன். மாத்த மாட்டேன், இதை வெச்சே திட்டறேன்னு இங்கயே உக்காந்து எழுதினான்." மேஜை இழுப்பறையிலிருந்து சி.டி. உறையை எடுத்தான். பின்பக்கம் முழுக்க ரெனால்டின் குண்டு குண்டான கையெழுத்து.

'திரு. சூரியபிரகாஷ் அவர்களுக்கு. படம் பார்த்தேன். நாற்பத்து மூன்று செருப்பு, நாற்பத்து மூன்றும் இடது. பள்ளிகொண்டாவில் ஜனங்கள் தத்தித் தத்தித்தான் ஜெபத்துக்கு வருவார்களா? வெயிலைப் பக்கத்து ஊரில் இரவல் வாங்கினீர்களா? மூன்றாம் வரிசையில் வெள்ளைத் தையல் போட்ட செருப்பு மட்டும் தேறும். அதைத் தைத்த கைக்கு என் வணக்கம். இப்படிக்கு, நடுநிலை தவறாத ரெனால்ட்.'

ஃபீபி இரண்டு முறை படித்தாள். முதல் முறை சிரித்தாள். இரண்டாம் முறை முடித்ததும் உறையை மடியில் வைத்து, 'தைத்த கைக்கு' என்ற இடத்தின்மேல் விரலை ஓட்டினாள்.

"இதை எழுதி முடிச்சிட்டு எழுந்தவன்," என்றார் தேவானந்தம் மெல்ல, "வாசல்ல மறுபடியும் இடதை மட்டும் பாத்திருக்கான்."

"எட்டு மாசம் ஏன் சொல்லல?" என்றாள் ஃபீபி.

"பேரை மாத்தணும்னா படம் எங்கிட்ட எப்படி வந்துதுன்னு சொல்லணும் சிஸ்டர். 'நாளைக்கு எனக்கு முகூர்த்தம், இன்னிக்கே வா'ன்னு கூப்பிட்டவன் நான். நான் கூப்பிடாம இருந்திருந்தா..." அவன் மணமக்கள் சுற்றிய திரையை அணைத்தான். "அவன் சொன்னபடி போட்டேன். அவன் வந்து திட்டுவான்னு அந்தப் பக்கத்தைத் தெனம் திறந்து பாப்பேன். பைத்தியக்காரத்தனம். கண்காட்சிக்குப் பாய் அவராவே எடுத்துப் போட்டுட்டார். வேணாம்னா ஏன்னு கேப்பார்."

"ஒண்ணு," என்றார் தேவானந்தம் ஜெனிஃபாவின் காதில். முப்பத்தொரு வருஷத்தில் அவர் ஃபர்ஸ்ட் கிரேடு கொடுத்த தோல்கள் மிகக் குறைவு என்பது அவளுக்குத் தெரியும்.

ஃபீபி எழுந்தாள். "அவர் உங்க பேர்ல போடச் சொன்னார். நீங்க போட்டீங்க. கூத்து முடிஞ்சுது. இப்ப அவர் பேரைப் போடுங்க."

"இப்பவே. அந்த வலதை எடுத்துடறேன் சிஸ்டர். அது அவன் படத்துல இல்லாதது."

அவள் அந்தக் கறுப்புச் செருப்பைக் கையில் எடுத்தாள். "வேணாம். இருக்கட்டும். அதுக்கு மட்டும் உங்க பேரைச் சின்னதா போட்டுக்குங்க."

"வலது செருப்பு மட்டும் சூரியபிரகாஷ்," என்றாள் ஜெனிஃபா. "உலகத்துலயே இப்படி ஒரு பட்டம் எவனுக்கும் கெடச்சிருக்காது."

ஞாயிற்றுக்கிழமை, வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கண்காட்சி. பாதிப் பேர் பந்தி என்று நினைத்து வந்து, படம் பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் வரிசையில் வாசலும் செருப்புகளும். கீழே அட்டை: 'படைப்பு: ரெனால்ட், ஆம்பூர். வலது செருப்பு: சூரியபிரகாஷ்.' முகூர்த்தத்தை வேறு ஆளிடம் விட்டுவிட்டு வந்திருந்த சூரியபிரகாஷ், படத்துக்கு முன்னால் நின்று, இடது கால்களைப் பற்றி யார் கேட்டாலும் உறையில் இருந்ததை ஒப்பித்துக்கொண்டிருந்தான். மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் ஜியாவுதீன் இணையத்திலும் பெயரை மாற்றினார். பழைய திட்டுகள், பாராட்டுகள் எல்லாம் அப்படியே இருக்க, படத்தின் மேல் இப்போது ரெனால்ட் என்று இருந்தது. பக்கத்தில், ஒவ்வொரு உறுப்பினர் பெயருக்கும் கீழே வருவதுபோல, சின்ன எழுத்தில் ஒரு வரி. பதிவுகள்: 411.

"இந்தப் படத்தைச் சேத்தா நானூத்திப் பன்னெண்டு ஆவணுமே பாய்?" என்றாள் ஜெனிஃபா.

"பேரை நான் மாத்தலாம்மா. அந்த நம்பர் அவர் உள்ள வந்து அவர் கையால போட்டாத்தான் ஏறும். பாஸ்வேர்டு இருந்தா குடுங்க சிஸ்டர், 'நன்றி'ன்னு ஒரு வரி நானே போட்டு ஏத்திடறேன்."

ஃபீபிக்கு அந்தக் கடவுச்சொல் தெரியும். வேண்டாம் என்றாள்.

பிரவுசிங் சென்டர் பிறகு செல்போன் ரீசார்ஜ் கடையாயிற்று. வட்டத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள், விலகினார்கள். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் திறக்கிறது. பதிவுகள்: 411.